தலையிடி இல்லாத விருந்து

கூட்டுறவுச் சங்கத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு குழு அமைப்பார்கள். பிறகு அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு. அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் கோபத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்பிப் போவார். ஆகவே, ஓய்வுபெறும் மனேச்சர் நமசிவாயத்துக்குப் பிரியாவிடை விருந்து என்ற பேச்சு வந்ததும் கணக்குக் கிளாக்கர் தியாகலிங்கம் எழுந்தார்.

"குழுவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். எல்லாத்தையும் என்னட்டை விடுங்கோ. தலையிடி இல்லாமல் நடத்திக் காட்டுறன்."

இதில் பொதுநலம் கடுகளவும் இல்லை. நமசிவாயம் யாருடைய பெயரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் அடுத்த மனேச்சர் கதிரை. அந்தப் பெயரை அவர் விருந்தில் சொல்லப்போகிறார் என்பது சங்கத்துச் சுவர்களுக்கும் தெரியும். கதிரையில் கண்வைத்திருந்தவர்கள் இருவர்: தியாகலிங்கம், களஞ்சியப் பொறுப்பாளர் சீவரத்தினம். தியாகலிங்கத்தின் மனைவி ஞானாம்பிகை, தன் கணவர் மனேச்சராகிவிட்டார் என்று இணுவிலில் உள்ள உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தியில் இருந்த ஒரே குறை, அது இன்னும் நடக்கவில்லை.

"எங்கடை சனத்துக்கு ரெண்டு கறியைக் காட்டினால் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடும், பிள்ளை," என்று ரைப்பிஸ்ட் இரத்தினம்மாவுக்குத் தன் திட்டத்தை விளக்கினார் தியாகலிங்கம். "அதாலை ஒரு கடை, ஒரு நேரம், ஒரு கறி."

கடை, சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் சிமியோன் நடத்தும் சாப்பாட்டுக் கடை. நேரம், வியாழன் பின்னேரம்; கரண்ட் இல்லாத ஊரில், சிமியோன் தன் அருமந்த மண்ணெண்ணெயை எரிக்குமுன் எல்லாரும் கைகழுவிவிடலாம். கறி, ஆட்டிறைச்சி. யுத்தத்தோடு பொருளாதாரத் தடை வந்த நாள்முதல் பருப்போடு குடித்தனம் நடத்திய இரத்தினம்மா, அந்தச் சொல்லைக் கேட்டதும் தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

நாளைத்தான் தியாகலிங்கம் மிகக் கவனமாகப் பார்த்தார். செவ்வாய், வெள்ளி கூடாது. மாதச் சஷ்டி புதன்கிழமை. அன்று அவரே விரதம். வியாழன் சப்தமி. சப்தமியில் ஆடு தின்பதை எந்தத் தெய்வமும் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு: வாக்கியம், திருக்கணிதம். இரண்டிலும் திதி கொஞ்சம் முன்பின்னாக விழும். அதனால் சில நாளில் ஒரு வீட்டில் விரதம், அடுத்த வீட்டில் மீன்குழம்பு. தியாகலிங்கம் திருக்கணிதக்காரர். சும்மா இல்லை, வாசிகசாலையில் கரும்பலகையை நிறுத்தி, கோள்களை வட்டம் வட்டமாகக் கீறி, வாக்கியம் பிழையென்று நிறுவியவர். அன்றோடு ஊர் முழுவதும் திருக்கணிதத்துக்கு மாறிவிட்டது என்று மனதார நம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நித்திரை என்பதை அவர் கவனிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் சைக்கிள்கள் கடைவாசலில் குவிந்தன. சிமியோன் கறிச்சட்டியைத் திறந்தபோது, ஆண்டுக்கணக்காகக் கதையாமல் இருந்தவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாத் தட்டிலும் புட்டும் கறியும் விழுந்தன. நமசிவாயம் தன் தட்டை மெல்ல நகர்த்தினார்.

"எனக்கு வேண்டாம் சிமியோன். குடிக்க ஒரு பிளேன்ரீ மட்டும் தாரும். இண்டைக்குச் சஷ்டி."

தியாகலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. "சஷ்டி நேற்றெல்லோ, ஐயா?"

"அது உம்மடை பஞ்சாங்கத்திலை. முருகனுக்கு இண்டைக்குத்தான்."

சீவரத்தினம் சட்டென்று தன் தட்டையும் தள்ளினார். "ஓம் ஐயா, நானும் விரதம். சிமியோன், எனக்கும் பிளேன்ரீ."

"நீர் நேற்றெல்லோ விரதமெண்டு சங்கக் கந்தோரிலை தண்ணிகூடக் குடிக்காமல் இருந்தனீர்!" என்றார் தியாகலிங்கம்.

"நேற்றுப் பழகிப் பாத்தனான், அண்ணை."

வேதக்காரரான சிமியோன் அகப்பையோடு நின்றார். "எங்கடை மாதாகோயிலிலை ஒரு கலண்டர்தான், ஐயா. கறி ஆறுது."

நமசிவாயம் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். "நான் ஒருத்தரையும் தடுக்கேல்லை. ஆனால் கதிரையிலை இருக்கப்போறவன் நாலுபேரை அனுசரிச்சுப் போகவேணும். சொல்லும் தியாகலிங்கம், இண்டைக்கு என்ன திதி?"

கேள்வி திதியைப் பற்றியதல்ல என்பது தியாகலிங்கத்துக்கு விளங்கியது. சஷ்டி என்று ஒரு சொல் சொன்னால் கதிரை. ஞானாம்பிகை தலைநிமிர்ந்து இணுவிலுக்குப் போய்வருவாள். சந்திரனுக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை, அது தன்பாட்டில் போகும். வாயைத் திறந்தார். முதல் எழுத்துவரை நல்லபடியாகவே வந்தார்.

"சப்தமி, ஐயா," என்றார்.

அதோடாவது நின்றாரா? "விடியுமுன்னமே சஷ்டி முடிஞ்சுது. வேணுமெண்டால் கீறிக் காட்டுறன்," என்று குழம்பில் விரலைத் தோய்த்து மேசையில் சூரியனைக் கீறத் தொடங்கினார்.

நமசிவாயம் பிளேன்ரீயை முடித்துவிட்டு எழுந்து பேசினார். தான் இல்லாவிட்டால் சங்கமே இல்லை என்பதைப் பல கோணங்களில் விளக்கினார். முடிவில், "எனக்குப் பிறகு, அனுசரிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்," என்று சீவரத்தினத்தின் தோளில் கைவைத்தார். புதிய மனேச்சர் சபையைக் கும்பிட்டார். கண் மட்டும் கறித்தட்டை விட்டு அசையவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் தியாகலிங்கம் விரதக்காரரின் தட்டுகள் இரண்டையும் தன் பக்கம் இழுத்தார். ஞானாம்பிகைக்குச் செய்தி சொல்லப் போவதென்றால் வயிறாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு தட்டை இரத்தினம்மாவிடம் நீட்டினார். அவள் எலும்போடு ஒரு துண்டை எடுத்து, நிதானமாக மென்று பார்த்தாள்.

"சப்தமி பரவாயில்லை, அண்ணை," என்றாள். "உப்புத்தான் கொஞ்சம் காணாது."