ஒல்லாந்து வீட்டின் அமைதி

கரம்பொன் இராசநாயகம் நாள்தோறும் உண்டபின், ஒல்லாந்திலிருந்து மகள் அனுப்பிய ஓவியத்தின் முன்னே கதிரையைப் போட்டுச் சாய்ந்துகொள்வார். அதிலே துப்புரவான அறையொன்றில் ஒரு பெண் அமைதியாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்து தேநீர் அருந்துகையில், இராசநாயகம் ஓவியத்தைக் காட்டி, "அதுவல்லோ வீடு! என்ரை வீடு மீன்சந்தை," என்றார்.

அவர் மனைவி கேதீஸ்வரிக்கு முகம் கறுத்துவிட்டது. ஓவியத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஓம், வடிவான வீடுதான். ஆனால் உள்ளுக்கை ஒரு ஆம்பிளையையும் காணேல்லையே! குறட்டை இல்லை, நிலத்திலை கச்சான் கோது இல்லை, 'தேத்தண்ணி எங்கை' எண்ட கத்தலும் இல்லை. பிறகென்ன, வீடு துப்பரவாய்த்தானே இருக்கும்?"

சம்பந்தியம்மாவுக்குத் தேநீர் புரைக்கேறியது. வாய்திறந்து வடையைப் பறிகொடுத்த காகம்போல் விழித்த இராசநாயகம், குனிந்து தம் காலடியில் கிடந்த நிலக்கடலைக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"பிழை என்ரைதான், கேதீஸ்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னவர், அடுத்துத் தாழ்ந்த குரலில் வினவினார்:

"இஞ்சாரும், கூட்டுற தும்புத்தடி எங்கை இருக்கிறது?"