ஜன்னலை மூடக் கேட்டவள்

“அந்த ஜன்னல மூடுனாத்தான் இந்த வூட்ல அடுப்பு எரியும்!” என்று சொல்லிவிட்டு, சுகரா பேகம் ஊதுகுழலை மூலையில் விட்டெறிந்தாள்.

தோல் மண்டியிலிருந்து பசியோடு வந்திருந்த அவள் புருஷன் அப்துல் வஹீத், “எந்த ஜன்னலு?” என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

தெரியாமல் என்ன? கொல்லைக்குப் பின்னாலிருந்த புளியந்தோப்பை வெட்டிச் சாய்த்து முனிசிபாலிடி புது ரோடு போட்டதிலிருந்து அந்த வீட்டில் இதே பேச்சுத்தான். ரோட்டோரம் மனை வாங்கிய சத்தார் சாயபு மாடிவீடு கட்டி, மருமகள் ரஃபத் ஜஹானைக் குடிவைத்தார். மாடியில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று ரோட்டைப் பார்த்தது. மற்றொன்று சுகராவின் முற்றத்தைப் பார்த்தது.

சுகரா ஆலங்காயத்துக்காரி. சிறுமியாக மலையடிவாரத்தில் இலந்தைப்பழம் பொறுக்கித் திரிந்தவள். நிக்காஹ் ஆகி இங்கே வந்தபின் தெருவையே பார்த்ததில்லை. அடுத்த தெருவுக்குப் போவதானாலும் திரை கட்டிய வண்டி வாசலில் வந்து நிற்க வேண்டும். அவளுக்கு மிஞ்சியது கொல்லைச் சுவருக்கு மேலே, மாடிவீட்டை ஒட்டித் தெரிந்த ஒரு துண்டு மலைதான். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

“ஆபா! ரோட்டுல ரோலரு வந்திருக்கு, பொகையா வுடுது!” என்று ரஃபத் மாடியிலிருந்து அக்கா முறை வைத்துக் கூப்பிடுவாள். கள்ளமில்லாத பெண். சுகராவுக்கோ வயிறு பற்றி எரியும். நேற்று வந்தவளுக்கு ஒரு ரோடே கிடைத்துவிட்டதே! பொறாமை என்று பச்சையாகச் சொல்ல முடியுமா?

“எந்நேரமும் எட்டிப் பாக்குறா. நம்ப பர்தா இன்னா ஆவுறது?” என்றாள்.

பர்தா என்றதும் வஹீத் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாளே முனிசிபாலிடிக்கு மனு போனது. தெருவிலுள்ள ஆண்களெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அதில் சுகராவின் பெயர் மட்டும் இல்லை. பெண்பிள்ளை பெயரைச் சர்க்கார் காகிதத்தில் எழுதுவது கௌரவக் குறைச்சலாம்.

கவுன்சிலர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். ரஃபத்தை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, ஐந்து ஆண்கள் அந்த ஜன்னலில் முண்டியடித்து நின்று சுகராவின் முற்றத்தைப் பார்த்தார்கள். துணிக்கொடி, அம்மிக்கல், குளிக்கும் மறைப்பு எதுவும் தப்பவில்லை. வஹீதே முன்னால் நின்று விரல் நீட்டிக் காட்டினார். அதுவரை ஒரே ஒரு பெண் பார்த்த முற்றம் அது. சுகரா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தாள்.

“தெரியுது, நல்லாவே தெரியுது!” என்று ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

சில நாளில் உத்தரவு வந்தது. ஜன்னல் சட்டப்படி வைத்தது, மூட வேண்டியதில்லை. மனுதாரர் பர்தாவுக்காகத் தம் சுவரை உயர்த்திக்கொள்ளலாம்.

“நம்ப பக்கம்தான் ஜெயிச்சது. இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் தூக்கிக்கலாம்” என்றார் வஹீத்.

“நான் சொவரா கேட்டேன்?”

“பர்தாதானே கேட்ட?”



கொத்தனார் வேலாயுதம் வந்து, “சாரம் கட்டப் போறேன், பீபிம்மா உள்ள போய்டுங்க” என்று குரல் கொடுத்தான். அவள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் மலை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. வேலை முடிந்தபோது முற்றத்துக்கு வெயிலும் வரவில்லை.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தாள். காயாத சுண்ணாம்புப் பூச்சுதான் தெரிந்தது.

“ஆபா, இருக்கீங்களா? உங்கள பாக்கவே முடியலியே!” என்று சுவருக்கு அப்பாலிருந்து ரஃபத்தின் குரல் வந்தது.

முதல்முறையாகச் சுகரா பதில் குரல் கொடுத்தாள். “உனக்கு மலை தெரியுதா?”

“ரோட்டுப் பக்கம் ஜன்னல்ல நல்லா தெரியுது ஆபா!”

மறுபடியும் வயிறு எரிந்தது. அவள் அடுப்படிக்குப் போகவில்லை. ஆணியில் மாட்டியிருந்த புர்காவை எடுத்து அணிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எங்க கெளம்பிட்ட? வண்டிக்குச் சொல்லலியே!” என்று வஹீத் பதறினார்.

“வண்டி வேணாம். ரோடுதான் போட்டிருக்காங்களே, நடந்து போறேன்.”

“சுகரா! பர்தா…”

“நம்ப வூட்டு முற்றத்த அஞ்சு ஆம்பளைங்க நின்னு பாத்தாச்சு. நான் ஒரு மலையப் பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.