தாடி வைத்த வாக்காளர்

எங்கள் வாக்குச் சாவடியில் ஆவி உலாவுகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. அந்த ஆவியை உண்டாக்கியவனே நான்தான்.

என் பெயர் கிருபைரட்ணம். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் தபாற்காரனாகச் சைக்கிள் மிதித்தவன். இந்தத் தொகுதியின் தேர்தல் கதையைக் கேட்க வேண்டுமென்றால் மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்களிடம் போகாதீர்கள். வாக்காளர் அட்டையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனிடம் வாருங்கள். எழுபத்தேழில், எனக்குப் பத்தொன்பது வயது, மிஷன் பள்ளிக்கூட வாசலில் சனம் தேர்த் திருவிழாவுக்கு நிற்பதுபோல் நின்றது. எண்பத்தொன்பதில் அட்டைக்கட்டு என் பையில் இருந்தது, வாங்கத்தான் பயத்தில் ஒருவரும் கை நீட்டவில்லை. தொண்ணூற்று நாலில் எங்கள் ஊரில் பெட்டியே வைக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கும் சேர்த்து யாரோ வென்றுவிட்டதாக வானொலி சொன்னது. அடுத்த வருடம் சண்டைக்குப் பயந்து ஊரே தென்மராட்சிப் பக்கம் ஓடியது. திரும்பி வந்த பிறகு வாக்காளர் பட்டியல் தடித்துக்கொண்டே போனது, வீடுகள் மெலிந்துகொண்டே போயின. பட்டியலில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும்.

உதயகலாவின் வீட்டில் பட்டியல்படி இரண்டு பேர். இருந்தது அவள் மட்டும்தான்.

அவளுடைய கணவன் சிவதர்ஷன். கல்யாணமாகி எட்டு மாதம். தொண்ணூற்றாறில் ஊர் திரும்பிய கையோடு, இடம்பெயர்ந்திருந்த வீட்டில் விட்டுவந்த தையல் மெஷினை எடுத்துவரக் கொடிகாமத்துக்குச் சைக்கிளில் போனவன். மெஷினும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவனுடைய அடையாள அட்டை அவன் சட்டைப்பையில். கல்யாணப் படங்கள் ஓட்டத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டன. ஆனால் கிராம அலுவலரான விதானையார் ஒவ்வொரு வருடமும் வாக்காளர் படிவத்தைக் கொண்டுவரும்போது அவள் முதலாவது வரியில் அவன் பெயரை எழுதுவாள், இரண்டாவதாகத் தன் பெயரை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு அட்டைகள் வரும். அவனுடையதை நான் நீட்டும்போது இரண்டு கையாலும் வாங்கி, என் முன்னாலேயே அழுவாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் வாக்குப் போட அடையாள அட்டை கட்டாயமில்லை. ஒரு கட்சியின் பொடியன்கள் என் வீட்டு வாசலுக்கே வந்து, ஆளில்லாத வீட்டு அட்டைகளைத் தரச் சொன்னார்கள். கேட்ட விதத்திலேயே மறுத்தால் என்ன நடக்கும் என்று விளங்கியது. நாற்பத்தொன்று கொடுத்தேன். அதில் சிவதர்ஷனுடையதும் ஒன்று. அந்தப் பெண் இந்தமுறையாவது அழாமல் இருக்கட்டும் என்றும் நினைத்தேன். பயத்துக்கு நான் போட்ட நல்ல சட்டை அது, வேறொன்றுமில்லை.

உதயகலா தன் அட்டையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவரின்ரை அட்டை வரேல்லையோ அண்ணை?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டால் என் உத்தியோகம் போய்விடும் என்று பயந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். இந்தத் தவளை இன்னொருத்தியையும் சேர்த்துக் கெடுத்தது.

"தபாற்கந்தோருக்கு ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போட்டுது, பிள்ளை."

"ஆர் ஆள்? எப்பிடி ஆள்?"

"எனக்கு வடிவாத் தெரியேல்லை. தாடி வைச்ச ஆள்."

அந்தத் தாடி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாடி வைத்தால் எவன் முகமும் அடையாளம் தெரியாது என்று நினைத்திருப்பேன்.

வாக்களிப்பு நாளன்று சாவடியில் ஒவ்வொருவர் பெயரையும் உரத்து வாசிப்பார்கள், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் வெட்டுவார்கள். அன்றைக்கு முகவராக இருந்தவர் செபநாயகம் மாஸ்ரர். பக்கத்து ஊர்க்காரர், சிவதர்ஷனின் முகத்தை அறியாதவர். உதயகலா அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மனிசன் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை, உம்மடை அவர் போட்டிட்டார். வெட்டிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டார்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு தேர்தலிலும் காலை ஏழு மணிக்கே தன் வாக்கைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூட வாசல் வேம்பின் கீழே வந்து நிற்பாள். பெட்டியைப் பூட்டும்வரைக்கும் உள்ளே போகும் ஆண்களின் முகங்களைப் பார்ப்பாள். இரண்டாயிரத்தைந்தில் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னதால் ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வாக்குப் போடாமல் இருந்தது. அன்று றோட்டில் ஒரு காகம்கூட இல்லை, அவள் மட்டும் நின்றாள். அடுத்த வருடம் அவளுடைய தமையன் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். "வாக்குப் போட்ட மனிசனைச் செத்தவர் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாளாம். தமையன் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கர்த்தர் என்னைச் சும்மா விட்டாரென்று நினைக்காதீர்கள். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டுத் தேர்தலில்தான் முதலில் கண்டேன். வரிசையில் ஆறாவதாக ஒரு தாடிக்காரன், எனக்கு முதுகைக் காட்டியபடி. என் முறை வந்தபோது அவனைக் காணவில்லை. பதின்மூன்றில் நின்றான், பதினைந்தில் நின்றான். பிறகு தேர்தல் இல்லாத நாளிலும் தபாற்கந்தோர் யன்னலுக்கு வெளியே நின்றான், அட்டை வாங்க வந்தவன் மாதிரி. ஓய்வு பெற்றால் விட்டுவிடுவான் என்று பார்த்தேன். விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசி வாங்குப் பலகையில் இருப்பான். திரும்பிப் பார்க்கப் பயந்து, போதகர் சொன்னதில் ஒரு சொல்லும் காதில் விழாமல் இருந்து எழும்பி வருவேன்.

போன வருடம் ஊருக்குப் புது விதானை வந்தாள், ஆரணி என்று ஒரு இளம்பெண். கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் இல்லை. இருபத்தெட்டு வருடம் ஊரில் இல்லாத ஆளைப் பட்டியலில் வைக்க முடியாது, அவர் உயிரோடு இருப்பதாக, அவரைத் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வெட்டிவிடுவேன் என்று உதயகலாவிடம் சொல்லியிருக்கிறாள்.

உதயகலா அன்று பின்னேரமே என் வீட்டுக்கு வந்தாள். ஐம்பத்து மூன்று வயது. நெற்றியில் பொட்டு. கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனையும்.

"அண்ணை, நீங்கள் கண்ணாலை கண்டனீங்கள்தானே. அவர் வந்து அட்டை எடுத்தவர் எண்டு எழுதித் தாங்கோ."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இரும் பிள்ளை. ஒருத்தரும் கந்தோருக்கு வரேல்லை. அட்டையைக் கட்சிப் பொடியளிட்டைக் குடுத்தது நான். ஆரோ ஒருத்தன் கள்ளவோட்டுப் போட்டிருக்கிறான். தாடியும் நான் சொன்ன பொய்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்று இருந்தது. அவள் தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"தாடியுமோ?"

"ஓம்."

"இருபது வருசமாய் அவரைத் தாடியோடைதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன் அண்ணை. இந்த வருசம் எவ்வளவு நரைச்சிருக்கும் எண்டு யோசிப்பன். தாடியில்லாத முகம் இப்ப எனக்கு வருகுதில்லை."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"நீங்கள் அவருக்குக் காயிதம் கொண்டந்து குடுத்தனீங்கள்தானே. அவரின்ரை முகம் எப்பிடி? சொல்லுங்கோ."

கண்ணை மூடினேன். அவர்களுடைய வீட்டுப் படலைக் கதவு வந்தது, கிணற்றடி வாழை வந்தது. கடிதம் வாங்க ஒருவன் நடந்து வந்தான். கிட்ட வந்ததும் பார்த்தேன், தாடி வைத்திருந்தான். எவ்வளவு முயன்றும் அந்தத் தாடியை என்னால் எடுக்க முடியவில்லை. ஐயோ, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் வருகுதில்லை, பிள்ளை."

பிறகு தாளையும் பேனையையும் என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப எழுதுங்கோ. உங்கடை பொய்யிலைதான் அவர் இவ்வளவு நாளும் இருந்தவர். இனி அங்கையிருந்தும் வெட்டினால் அவர் எங்கை போறது?"

எழுதினேன். கர்த்தருக்கு முன்னால் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே எழுதினேன். இன்ன தேதியில் சிவதர்ஷன் என்பவர் நேரில் வந்து தன் அட்டையைப் பெற்றுச் சென்றதைக் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டு, தாளைத் திருப்பி என்னிடமே தந்தாள்.

"தாடியையும் எழுதுங்கோ," என்றாள்.