முதலில் பாட்டு, பிறகு பெயர்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பொங்கல் வந்தால் பட்டிமன்றமும் வந்துவிடும். தலைப்பு பணமா குணமா, கணவனா மனைவியா என்று என்னவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: இரண்டும் இரண்டு கண்கள். அதைச் சொல்ல எதற்கு மூன்று மணி நேரம் என்று நான் கேட்டதில்லை. பாட்டுப் பட்டிமன்றத்தில் பாடுகிறவர்களுக்குப் பின்னால் ரிதம் பேட் வாசிப்பவன் நான். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் இல்லாத நாளில் இசைக்குழு. இரண்டிலும் பெர்மனென்ட் கிடையாது.

இந்த வருஷம் தலைப்பு, 'நெஞ்சை அள்ளுவது இந்தியக் கலையா, இலங்கைக் கலையா?' டிவி பாட்டுப் போட்டியில் ஓர் இலங்கைப் பெண் பாட, வீட்டுக்கு வீடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் அல்லவா, அந்தச் சூட்டில் வைத்த தலைப்பு. வைத்தவர் எங்கள் பிளாக் சங்கச் செயலாளர் சங்கரலிங்கம் சார். திருநெல்வேலிக்காரர், ஆபீசர், நடுவரும் அவரேதான். இந்திய அணிக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். இலங்கை அணியில் மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. அப்போதுதான் அவருக்கு என் மனைவியின் நினைவு வந்தது.

"மணி, உன் சம்சாரம் சிலோன்காரிதானே? நல்லா பாடுமே. ஏதாவது உருக்கமா ஒண்ணு பாடச் சொல்லுப்பா. சனம் அழணும்."

என் மனைவி சுகந்தினி குறிஞ்சிப்பாடிப் பக்கம் அகதி முகாமில் பிறந்தவள். இலங்கையைப் பார்த்ததே இல்லை. கடலையே கடலூர் சில்வர் பீச்சில்தான் பார்த்திருக்கிறாள். பேச்சும் எங்கள் கம்மாபுரத்துப் பேச்சுதான். முகாமில் நடக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் ஒலிபெருக்கியில் போடுவது எங்கள் சினிமாப் பாட்டு. இலங்கை ரேஷன் கார்டும் இல்லை, இந்திய ரேஷன் கார்டும் இல்லை, இலங்கைப் பாட்டு மட்டும் எங்கிருந்து வரும்?

"அம்மாவ கேட்டுகினு வரேன்" என்றாள் சுகந்தினி.

அத்தை பெயர் தவமணி. திருகோணமலையில் பிறந்து, தொண்ணூறில் ராமேசுவரத்தில் வந்து இறங்கியவர். அந்த ஊரைப் பற்றி எங்களிடம் பேசவே மாட்டார். நாங்கள் முகாமுக்குப் போய்க் கேட்டபோது முதலில், "எங்கட பாட்டு எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது" என்று முறத்தை எடுத்து அரிசி புடைக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, புடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கொரு தம்பி இருந்தவன். யோகராசா."

சுகந்தினி என்னைப் பார்த்தாள். தனக்கு ஒரு மாமன் இருந்தார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

யோகராசா கல்யாண வீடுகளில் பாடுகிறவர். தமிழர் வீட்டில் தமிழ்ப் பாட்டு, சிங்களர் வீட்டில் சிங்களப் பாட்டு, இரண்டு வீட்டிலும் முதல் பந்தியில் சாப்பாடு. மீன் விற்கிற ஒருத்தியைக் கேலி செய்யும் சிங்களப் பைலாப் பாட்டு ஒன்று அவருக்கு உயிர். அதைப் பாடினால் கிழவிகள்கூட எழுந்து ஆடுவார்களாம். ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்த ஒருநாள் அவரைக் கொண்டு போனார்கள். அதன் பிறகு ஆள் இல்லை, உடல் இல்லை. இருந்த ஒரே போட்டோவும் வீட்டோடு எரிந்தது.

"அந்தப் பாட்டைச் சொல்லித் தாறன். அவன்ட பேரை மேடையில நீ சொல்லோணும். ஒருக்காச் சொன்னாப் போதும். ஆனா முதல்ல பாட்டு, பிறகு பேர். பேரை முன்னுக்குச் சொன்னா செத்த வீடு மாதிரிக் கிடக்கும். அவன் பாடினா சனம் சிரிக்கும். முதல்ல சிரிக்கட்டும்."

"சிங்களம்னா எதாவது சொல்லுவாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"பாட்டுத்தானே தம்பி."

பத்துப் பதினைந்து நாள், சாயங்காலம் போய் உட்கார்ந்து படித்தாள். எனக்கு அந்தத் தாளத்தைப் பிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் தூக்கும் கால் இதற்கும் தூக்கும். இரண்டு நாட்டையும் ஒப்பிட்டுப் பேச எதற்கு ஆறு பேர், ஒரு பேட் போதாதா என்று நினைத்துக்கொண்டேன். சாரிடம் "பைலா சார்" என்று மட்டும் சொன்னேன். "குஷியா இருக்கும். ஆனா கடைசியில உருக்கம் வேணும்ப்பா" என்றார். கடைசியில் ஒரு பெயர் வருகிறது சார், அது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு அத்தை வந்தார். முகாமிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுக்காதவர்கள் அந்த வரிசையில் குறைவு. அத்தை பச்சைப் புடவை கட்டியிருந்தார். நான் அவரைக் கலர்ப் புடவையில் பார்த்தது அதுதான் முதல்.

இந்திய அணியின் சண்முகப்ரியா நன்றாகவே பேசினாள். அவர்கள் ஊரில் ஆட்டோவில் ஓடுவதும் நம் பாட்டு, கல்யாணத்தில் ஆடுவதும் நம் பாட்டு, கடனாக வாங்கியவர்கள் எப்படி விஞ்ச முடியும் என்றாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. இலங்கை அணியின் ஒரு வாத்தியார், நம் பாட்டை நமக்கே ரசிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்கள் வானொலிதானே என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு சுகந்தினி எழுந்தாள். "எங்க குடும்பத்துல பாடின பாட்டு ஒண்ணு. பாடிட்டு, யாரு பாட்டுன்னு சொல்றேன்" என்றாள். நான் தாளத்தைத் தொடங்கினேன்.

முதல் நான்கு வரிக்குப் பிள்ளைகள் முன்னால் ஓடிவந்து ஆடினார்கள். சார் மேசையில் விரலால் தட்டினார். மூன்றாவது வரிசையில் அத்தையின் உதடு கூடவே அசைந்தது. இந்த ஜன்மத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "இது சிங்களம்ங்க. நம்ம பிள்ளைங்கள கொன்னவன் பாஷை. நம்ம மேடையில இதா பாடுறது?"

அவ்வளவுதான். ஒரு நாற்காலி நகர்ந்தது, பிறகு பத்து நாற்காலி. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். முகாம் பெண்கள் சத்தம் போடவில்லை. ஒருத்தி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சார் பாய்ந்து மைக்கை வாங்கினார். நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்னம்மா இது? யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

சுகந்தினி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். சபையே அங்கே திரும்பியது.

"அம்மா, உங்க வீட்டுல சிங்களப் பாட்டு பாடுறவங்க யாராச்சும் இருந்தாங்களா?" மைக்கில் கேட்டார் சார். கெட்ட மனுஷர் இல்லை அவர். சபை அடங்க ஏதாவது ஒரு பதில் வேண்டும், அவ்வளவே.

அத்தை எழுந்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், முகத்தை மூடியிருந்தவளைப் பார்த்தார். அவர்களோடுதான் நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் நிற்க வேண்டும், அவர்கள் சுவரை ஒட்டித்தான் படுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்ல ஐயா. பிள்ளை போனில கேட்டுப் படிச்சிருக்கு. தெரியாமச் செய்திட்டுது."

"ஆமாங்க, போன்லதான். மன்னிச்சிடுங்க" என்றாள் சுகந்தினி, அம்மா சொன்ன கையோடு. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்காக அவளை நினைத்து நான் இன்றும் கலங்குகிறேன்.

சபை அடங்கியது. இரண்டு நாட்டுக் கலையும் தமிழன்னையின் இரண்டு கண்கள் என்று தீர்ப்பானது. எல்லோருக்கும் சால்வை போட்டார்கள், எங்களுக்கும் போட்டார்கள்.

வெளியே வேன் நின்றது. முகாம் பெண்களில் ஒருத்தி அத்தையின் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னியள் அக்கா" என்றாள். அத்தை ஏறவில்லை. இன்றைக்கு மகள் வீட்டில் படுக்கிறேன் என்று எங்களோடு நடந்தார். மெயின் கேட் வந்துவிட்டது. சுகந்தினிக்குத்தான் பொறுக்கவில்லை.

"வுடும்மா. அடுத்த வாட்டி வேற எங்கியாவது மாமா பேர சொல்லிக்கலாம்."

அத்தை நின்றுவிட்டார். அழவில்லை. யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

"அவன் இருந்தவன் எண்டதுக்கு இந்த உலகத்தில மிச்சம் நான் ஒருத்திதான் பிள்ளை. நானே இல்லையெண்டு சொல்லிப் போட்டன்."