இப்பத் திரும்புங்கம்மா

நெடுஞ்சாலையில் சத்துவாச்சாரிக்குத் திரும்பும் வழி இடப்பக்கம் வந்தது, போனது. எப்சியால் திரும்ப முடியவில்லை. அவள் காரை ஒட்டி இடப்பக்கம் தோல் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஓடின. பின்னால் வந்த பஸ் ஹாரனை நிறுத்தவேயில்லை.

“இன்னாடி, வாலாஜாபேட்டைக்கா கூட்டிட்டுப் போறே?” என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயபுஷ்பம். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். காலை டூட்டி முடிந்து, எப்சியின் புதுக் காரில் வீடு திரும்புகிறார்கள்.

“லெஃப்ட்ல போக முடியலக்கா.”

“கண்ணாடியப் பாரு.”

பார்த்தாள். லாரி தெரிந்தது. எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர்தான் கண்ணாடியைப் பார்ப்பார். “இப்பத் திரும்புங்கம்மா” என்பார்; திருப்புவாள். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. லைசென்ஸ் கைக்கு வரும்வரை அப்படித்தான் ஓட்டினாள்.

“நீங்களாவது பாத்துச் சொல்லுங்கக்கா.”

“எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுடி!”

உப்புத்தோல் நாற்றம் காருக்குள் ஏறியது. அடுத்த வழியும் கடந்து போனது. சுங்கச்சாவடியில் எல்லா வண்டிகளும் ஊர்ந்தபோதுதான் அவளால் ஓரத்துக்கு வந்து நிறுத்த முடிந்தது. மாஸ்டருக்கு போன் போட்டாள்.

“நாளைக்கு வர்றேன் மாஸ்டர். முதல்லேர்ந்து கத்துக்கணும்.”

“லைசென்ஸ்தான் வாங்கிட்டீங்களேம்மா?”

“வாங்கிட்டேன். இந்த வாட்டி நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

ஜெயபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். “அது நாளைக்கு. இப்ப வீட்டுக்கு யாரு ஓட்டறது?”

எப்சி கண்ணாடியைப் பார்த்தாள். லாரிகள் வந்துகொண்டே இருந்தன.