நாலும் அறுபது

கடுகண்ணாவை ஏற்றத்தில் மொரிஸ் மைனர் இழுக்காமல் நின்றுவிட்டதாக மனைவி யசவதி வந்து சொன்னதிலிருந்து ஜினதாசவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தபோது அந்தக் காரில்தான் மலைமலையாகப் பிரசவம் பார்க்கப் போனாள். இப்போது அவனுக்குத் தூரப் பார்வை மங்கி, லைசென்ஸும் போய்விட்டது. சந்தைக்கோ விகாரைக்கோ போவதென்றால் அவள்தான் ஓட்ட வேண்டும். கார் போனால் இரண்டு பேரும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

கராஜ்காரன் சிரில் பாஸ், சொன்னதைக் கேட்ட உடனே தீர்ப்பு எழுதிவிட்டான். "எஞ்சின் தேஞ்சிருச்சு ஐயா. பிரிக்கணும்."

"நீ பிரிச்சா பாதி சாமான் உன் வீட்டுக்குப் போயிரும். எஞ்சினுக்குள்ள அழுத்தம், அந்தக் கம்பிரஷன் பாக்குற கேஜ மட்டும் குடு" என்று வாங்கி வந்தான் ஜினதாச.

முற்றத்தில் எஞ்சினைச் சூடேற்றி, ஸ்டார்ட் ஆகாதபடி கொயில் வயரை எடுத்துவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றினான். இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பிளக் துளையில் கேஜை மாட்டி நிற்க வேண்டும்; மற்றவர் சீட்டில் இருந்து அக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சாவியைத் திருக வேண்டும். மிதிக்காவிட்டால் எஞ்சினுக்குள் காற்றுப் போகாது. வருஷா வருஷம் வெசாக் பண்டிகைக்கு முன்னால் மிதிப்பது யசவதிதான்.

"நோனா, மிதிச்சிட்டியா?"

"மிதிச்சிட்டேன். கத்தாதீங்க, இது என்னா பிரசவ வார்டா?"

"அப்ப சுத்து."

எஞ்சின் முனகிச் சுற்றியது. கேஜை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். அறுபது. நூற்று நாற்பதைத் தாண்ட வேண்டிய ஊசி. இரண்டாவது சிலிண்டரும் அறுபது. மூன்றாவதும், நாலாவதும் அதே அறுபது.

"கள்ளக் கேஜத் தந்திருக்கான் சிரில்."

"அவன ஏசாட்டி உங்களுக்கு வெத்தில செமிக்காது."

முதல் துளையில் ஒரு கரண்டி ஒயில் விட்டுப் பார்த்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஊசி ஏற வேண்டும். ஏறியதாகச் சொல்ல முடியாது. பற்றரியும் நன்றாகத்தான் சுற்றுகிறது. தேய்கிற எஞ்சின் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறையத் தேயும். நாலும் சொல்லிவைத்ததுபோல் ஒரே இலக்கத்தில் விழாது. காற்றுப் போகாவிட்டால்தான் அப்படி.

கார்க் கதவருகே வந்து குனிந்தான். செருப்பு கழன்று ஒரு பக்கம் கிடந்தது. அவள் பாதம் அக்சிலேட்டர்மேல் சும்மா கிடந்தது. அது அரை அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை.

"மிதி நோனா."

"மிதிச்சிட்டுத்தானே இருக்கேன். முழுசா."

அவள் கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினான். அவள் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ என்னத்த தேடுறீங்க? சுத்தவா?"

இரத்தத்தில் சீனி கூடின வருத்தம், கால் மரத்துப்போகும், கவனி என்று டாக்டர் சொன்னபோது, மாத்திரை விற்கப் பார்க்கிறான் என்று ஏசிவிட்டு அவளைக் கூட்டிவந்தவன் ஜினதாசதான்.

"கால எடு" என்றான். மண்வெட்டிப் பிடி ஒன்றைக் கொண்டுவந்து சீட்டுக்கும் அக்சிலேட்டருக்கும் நடுவில் இறுக்கினான். யசவதி அந்தப் பிடியைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். சொன்னபோது சாவியைத் திருகினாள்.

நாலே துடிப்பில் ஊசி நூற்றைம்பதில் போய் நின்றது. மற்ற மூன்று சிலிண்டரும் அப்படியே.

"எவ்வளவு?"

கேஜின் பொத்தானை அழுத்தினான். காற்று சீறி வெளியேற, ஊசி பூச்சியத்தில் விழுந்தது.

"அறுபதுதான். எஞ்சின் போச்சு."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"நாலுமா?"

"நாலும்."

"அப்ப சிரில் பொய் சொல்லல."

"ஒரு தடவ வாய் தவறி உண்மையச் சொல்லிட்டான். விடு."

யசவதி சிரித்தாள். சாவியை உருவி, கதவருகே வந்தவனின் சட்டைப் பையில் போட்டாள். குனிந்து, கண்ணால் பார்த்து, கையால் பிடித்துப் பாதத்தைச் செருப்புக்குள் நுழைத்தாள்.

"வெசாக்குக்கு பஸ்லதான் போகணும். நேரத்தோட போய் நிப்போம். இல்லாட்டி எனக்கு சீட் கெடைக்காது."

"ம்."

பிளக்குகளைத் திரும்ப மாட்டினான். மூன்று சுருக்காக ஏறிவிட்டன. நாலாவதற்கு மரை எங்கே இருக்கிறதென்று வெகுநேரம் அவனுக்குப் பிடிபடவில்லை.