பட்டியலில் இல்லாதவை

ஒரு வேலையை இரண்டாம் தரம் கையால் செய்வதென்றால் கவிசனுக்குக் கொதி வரும். கணினித் துறையில் இதைத் திறமை என்பார்கள். வீட்டில் அம்மா ராசமலர் இதைப் பஞ்சி, வெறும் சோம்பல், என்பார். இரண்டு பக்கமும் சொல்வது சரிதான்.

அந்தப் பஞ்சியில் பிறந்ததுதான் அவனுடைய நிரல். அலுவலகத்தில் அவனுக்கு ஒரு மக் மடிக்கணினி, வாடகைக்கு எடுத்த சேர்வரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம், ரொம்சோஸ் என்ற இடத்தில் அம்மா வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய மேசைக் கணினி. மூன்றும் ஒரே குடும்பம் என்று பெயர்; பழக்கவழக்கமெல்லாம் வேறு. ஒன்றில் ஒழுங்காக ஓடுகிற கட்டளை மற்றதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்துப் பகுதியான குரோருட்டில் தனியாக இருக்கிற அவன், இரண்டு வருடத்துச் சனி ஞாயிறுகளை இதற்கே கொடுத்தான். கடைசியில் ஒற்றை வரி அடித்தால் போதும் என்றாகியது. எந்தக் கணினியானாலும் அவனுடைய மென்பொருள்கள், அவனுடைய அமைப்புகள், எழுத்தின் அளவு வரைக்கும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அவனுடைய கணக்கில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான். பட்டியலில் இல்லாததை நிரல் அழித்துவிடும். ஆரம்பத்தில் ‘அழிக்கட்டுமா’ என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டால் அது என்ன தானியங்கி என்று அந்த வரியையும் எடுத்துவிட்டான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் அம்மா வீட்டுக் கணினியில் அவன் மட்டுமா இருந்தான்?

அதில் ஒரே ஒரு கணக்கு, கவிசனின் பெயரில். கடவுச்சொல் நாலு பேருக்கும் தெரியும். அம்மாவின் கடிதங்கள், அப்பா ஜெயரத்தினம் கோயிலுக்கு அடித்துக் கொடுத்த அறிவித்தல்கள், தங்கை டிலக்சியின் பள்ளிக் கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான். ஆளுக்கொரு கணக்குத் திறந்து தருகிறேன் என்று அவன் ஒருமுறை சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. ஒரு வீட்டுக்குள் என்னத்துக்கு வேறு வேறு பூட்டு என்று கேட்டார். அப்பாவும் அம்மாவின் பக்கம். அவனும் அதோடு விட்டுவிட்டான்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் கொஞ்சக் காலமாவது இருக்கலாம் என்றார்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய கிழமை, பின்னேரங்களில் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தார். கவிசன் வந்திருந்த ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன், நான் போன பிறகு கேளுங்கோ என்றார். யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதையை யார்தான் வளர்ப்பார்கள்? கைபேசியில் பதிந்திருப்பார் என்று கவிசன் தன்பாட்டில் நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அப்பா ஆறு மாதம் கொப்பியில் எழுதிக் காட்டியே கதைத்தார். போன பெப்ரவரியில் செத்துப்போனார்.

ஒக்டோபரில் அம்மா வீட்டுக் கணினி மந்தமாக ஓடுகிறது என்று கவிசன் தன் நிரலை அதிலும் ஓட்டினான். அம்மாவின் கடிதங்களையும் படங்களையும் தங்கையின் கட்டுரைகளையும் மறக்காமல் பட்டியலில் சேர்த்தான். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனான். வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது.

இந்த வியாழக்கிழமை அம்மா அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திவசம், அப்பா போய் ஒரு வருடம். படைத்துச் சாப்பிட்ட பிறகு எல்லாரும் இருக்கும்போது அப்பாவின் குரலைப் போட வேண்டும், கொம்பியூட்டரில்தானே பேசி வைத்தவர், வந்து எடுத்துத் தா என்றார். கைபேசியில் என்றல்லவா கவிசன் நினைத்திருந்தான். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ரொம்சோசுக்கு ஓடினான்.

தேடினான். இல்லை. கையோடு கொண்டுவந்த மக்கைத் திறந்தான், சேர்வருக்குள் போனான். அங்கேயும் அதே கோப்புறைகள், அதே வரிசை. மூன்று கணினியும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தன. இரண்டு வருடம் பாடுபட்டது இதற்குத்தான். காப்புப் பிரதியைப் பார்த்தான். தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டதை வைத்திருக்காதே என்று அவனே அதற்குச் சொல்லியிருந்தான். அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓடவிட்டான். அழிந்த இடங்களைக் கிழமைக்கொருமுறை வெறுமையாக்கிவிடு என்ற வரியும் அவனுடைய நிரலில் இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. இவ்வளவு ஒழுங்காக அவன் வேறு எதையும் செய்ததில்லை.

நிரல் தான் செய்ததையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்தான். பதிவு மென்பொருள் தானாக உண்டாக்கிய கோப்புறை ஒன்று அதில் இருந்தது. அப்பா அதற்குள்தான் வைத்திருக்கிறார். மூன்று கோப்புகள், அப்பாவே தமிழில் பெயர் அடித்தவை. டிலக்சிக்கு. கவிசனுக்கு. மலருக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவும் திகதியும், கடைசியில் ‘அழிக்கப்பட்டது’ என்ற சொல்லும். தன் பெயரைக் கவிசன் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தனக்கென்று சொன்னது என்னவாக இருக்கும் என்று யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

அம்மா குசினியில் உழுந்து கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அப்பான்ரை குரல் இல்லை. நான்தான் அழிச்சுப்போட்டன்.”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “திருப்பி எடுக்கலாம்தானே. நீ எல்லாம் எடுக்கிறனி.”

“ஏலாதம்மா. எல்லாம் பாத்திட்டன்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஏசுவார் என்று கவிசன் எதிர்பார்த்தான். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் ஏசவில்லை. மெல்லிய குரலில் சொன்னார்: போன வருடம் எத்தனையோ தரம் அந்தக் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிட்டு எழும்பி வந்தாராம். கேட்டுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமாம். கோடைக்குப் பிறகு கிட்டவே போகவில்லையாம். இந்தக் கிழமைதான் மனம் வந்ததாம்.

பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். “நீயெண்டாலும் ஒருக்காக் கேட்டனியோ? என்ன சொன்னவர்?”

ஒரு பொய் போதும். நல்லதாக ஒரு வசனம் அவனுக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிட்டுத் தொடங்கியிருப்பார்? பிள்ளைகளுக்கு முன்னால் அவர் பெயர் சொல்லாமல் ‘இஞ்சேர்’ என்று கூப்பிட்டதைத்தான் கவிசன் கேட்டிருக்கிறான்.

“கேக்கேல்லையம்மா,” என்றான். “மூண்டு இருந்தது. ஒண்டு உங்களுக்கு. மலருக்கு எண்டு பேர் போட்டிருந்தவர். அளவைப் பாத்தா ஏழு நிமிசம் வரும்.”

“மலருக்கு எண்டோ?”

“ஓம்.”

அப்போதுதான் அம்மா அழுதார். கன நேரம் அழுதார். பிறகு, அது எங்கே எழுதியிருக்கிறது, எனக்கு வாசித்துக் காட்டு என்றார். கவிசன் அவரை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தி அந்த வரியை வாசித்தான். பெயர், அளவு, திகதி. இன்னொருக்கா வாசி என்றார் அம்மா. திரும்பவும் வாசித்தான். இரண்டு தரமும் கடைசிச் சொல்லை மட்டும் வாசிக்காமல் விட்டான்.